கீரிமலையில் சொன்ன பெயர்

அத்தியாயம் பதினொன்று

போயா லீவு என்றால் சோமசேகரத்துக்கு வாயெல்லாம் பல். ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துவிட்டுச் சந்திரனைப் பார்த்து லீவு விடுகிற அரசாங்கத்தைக் கந்தோரில் வேலை பார்க்கிற எல்லோரும் வைதார்கள். அவன் வையவில்லை. எந்த நாளில் வந்தாலும் லீவு லீவுதான். அதிலும் றேடியோ வேலைக்குக் கிடைக்கிற லீவு.

இந்தப் போயா ஆடி அமாவாசையாக வந்திருந்தது. தகப்பனில்லாத ஆண்பிள்ளைகள் விடியமுன்னமே தர்ப்பணம் செய்யக் கீரிமலைக்குப் போய்விட்டார்கள். சோமசேகரம் மட்டும் கொக்குவில் வீட்டு விறாந்தையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான்.

அவனாக நிற்கவில்லை. "நீ வரவேண்டாம். தலை முழுகினால் உனக்கு ஒத்துவராது. ரெண்டு பேருக்குமாய் நான் செய்யிறன்" என்று நீர்வேலியிலிருந்து அண்ணன் நமசிவாயம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். நேரில் வந்து சொல்ல வழியில்லை. இரண்டு கிழமையாக, பதினாலு நாளாக, அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை.

அந்தச் சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கை பாலேஸ்வரிக்கு முப்பத்தொரு வயது. சாதகம் சரிவராமல் இரண்டு சம்மந்தம் குழம்பி, மூன்றாவதாகத் தெல்லிப்பழை வாத்தியார் கனகரத்தினம் பொருந்தி வந்திருக்கிறார். தையில் வைக்கலாம் என்று சோமசேகரம் சொன்னான். ஆவணியில் முடித்துவிட வேண்டும் என்று நமசிவாயம் ஒற்றைக்காலில் நின்றார். மாப்பிள்ளையின் தாயார் தைக்கு மேல் ஒருநாளும் பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் தை வரைக்கும் பொறுக்கத் தயார்தான். பிறகு அண்ணனுக்கு என்ன அவசரம்?

"நான் மணவறையிலை எழும்பி நிண்டு என்ரை தங்கச்சிக்குப் பொரி போடவேணும் அண்ணை. இப்ப அரை மணித்தியாலம் நிக்க ஏலாமல் இருக்கிறன். நான் செத்தாலும் ஆவணிக்குச் சம்மதிக்கமாட்டன்" என்று அவன் கத்தியதும், அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் அந்தச் சண்டையில்தான்.

கொழும்பில் பெரிய டொக்டரிடம் காட்டிவிட்டு வந்து ஐந்து கிழமையாகிறது. வயிற்றில் புண், மருந்து குடித்தால் மாறும் என்று அண்ணன் சொன்னார். டொக்டர் தந்த கடிதத்தையும் அவரே மடியில் செருகிக்கொண்டார். இங்கிலீசு தெரியாத மனிதர் இங்கிலீசுக் கடிதத்தை ஏன் வைத்துக்கொண்டார் என்று சோமசேகரம் யோசிக்கவில்லை. ஒரு றேடியோவில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று மூன்று நாள் யோசிப்பான். வீட்டுக்குள் நடக்கிறதை மூன்று நிமிஷம் யோசிக்க மாட்டான்.

"எழும்பி வந்து தேத்தண்ணி கேக்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். அதுக்கு ஒரு மெசினோ?" என்று கேட்டபடி மனைவி கமலாவதி வெறும் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பஞ்சிக்காரர்தான் கமலா எல்லா மெசினையும் கண்டுபிடிச்சவை."

"அப்பிடியெண்டால் நீங்கள் இன்னும் பத்துக் கண்டுபிடிப்பியள்."

சிரித்தாள். சிரித்த முகத்தைச் சட்டென்று திருப்பி யன்னலைப் பார்த்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது.

அவன் செய்துகொண்டிருந்தது இதுதான். இரண்டு பழைய றேடியோக்களில் இருந்து கழற்றிய இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று விறாந்தையில் பிஸ்கற் தகரத்துக்குள், மூன்று ட்ரான்சிஸ்ரர், ஒரு பற்றறியோடு. மற்றது சமையல் நடக்கிற குசினியில் சவர்க்காரப் பெட்டிக்குள். குசினி வீட்டுக்குப் பின்னால், முற்றம் தாண்டித் தனியாக இருந்தது. நடுவில் முருங்கை மரத்துக்கு மேலால் வயர் போயிற்று. பேசினால் அதே ஸ்பீக்கர் மைக்காகவும் வேலை செய்யும். இங்கே இருந்து கேட்கலாம், சுவிச்சை மாற்றினால் கதைக்கலாம்.

"உம்மட பெட்டியிலை ஒரு பொத்தான் இருக்கு பாரும். அதை அமத்தினால்தான் நீர் கதைக்கிறது எனக்குக் கேக்கும். அமத்தாட்டில் கேக்காது" என்று நேற்றே கமலாவதிக்குப் பாடம் எடுத்திருந்தான்.

அந்தப் பொத்தான் பழைய அழைப்பு மணியொன்றில் இருந்து பிடுங்கியது. காலையில் பரீட்சித்தபோது அமத்தினாலும் வேலை செய்யவில்லை. கழற்றித் துரு சுரண்டிப் பூட்டலாம். ஆனால் லீவு நாளில் யார் அவ்வளவு மினக்கெடுவது? பின்பக்கத்தில் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு வந்துவிட்டான். இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு பார்ப்போம். இனி அமத்தாமலே குசினிச் சத்தம் கேட்கும்; பொத்தான் பெட்டியில் சும்மா அழகுக்கு இருந்தது. அதைக் கமலாவதிக்குச் சொல்லவும் பஞ்சிப்பட்டான்.

பதினொரு மணிபோல் பற்றறியைக் கொழுவினான். தகரத்துக்குள் இரைச்சல் கேட்டது. அப்புறம், தெளிவாக, தேங்காய் துருவுகிற சத்தம்.

சோமசேகரம் துள்ளாத குறை. கடுகு வெடித்தது. அகப்பை சட்டியில் தட்டியது. அறுபது அடி தூரத்தில் இருக்கிற குசினி அவனுடைய மடியில் வந்து உட்கார்ந்திருந்தது. வயிற்று நோவு கூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

பாலேஸ்வரி தகப்பன் பேருக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வந்ததும் காட்டி வியக்க வைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கையில், வீட்டுக்குப் பின்னால் கோடிப் பக்கமாக ஒரு சைக்கிள் போய் நின்றது. அண்ணன். விறாந்தைப் பக்கம் வராமல் நேரே குசினிக்குப் போகிறார். என்ன சண்டையென்றாலும் ஆடி அமாவாசைக்கு அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருந்துதான் விரதச் சோறு சாப்பிட வேண்டும். அதுக்கு வந்திருக்கிறார்.

அண்ணையை ஒருக்கால் வெருட்டவேண்டும். சவர்க்காரப் பெட்டி திடீரென்று "வாங்கோ அண்ணை" என்றால் மனுசன் பயந்தடித்துச் சிரிப்பார். சிரித்தால் கோபம் போய்விடும். சோமசேகரம் விரலைச் சுவிச்சில் வைத்துக்கொண்டு சமயம் பார்த்தான்.

"இந்தா பிள்ளை, விரதக் கறிக்குக் காத்தோட்டிக்காய். கீரிமலை றோட்டிலை வாங்கினனான்" என்றது தகரம், அண்ணனின் குரலில்.

"வையுங்கோ அத்தான். கூட்டம் கூடவோ?"

கதிரை இழுபடுகிற சத்தம். பிறகு வந்தது அண்ணன் குரல் மாதிரியே இல்லை.

"பிள்ளை, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"என்ன அத்தான்?"

"ஐயருக்கு அவசரம். பின்னாலை ஐம்பது பேர் நிக்கினம். தகப்பன்ரை பேரைச் சொல்லு எண்டார், ஐயான்ரை பேரைச் சொன்னன். தகப்பனுக்குத் தகப்பன்ரை பேரைச் சொல்லு எண்டார்." அண்ணன் மூச்சு வாங்கினார். "சோமசேகரம் எண்டு சொல்லிப்போட்டன்."

சோமசேகரத்தின் விரல் சுவிச்சில் அப்படியே இருந்தது.

"என்னை அறியாமல் வந்திட்டுது பிள்ளை. ராத்திரி முழுக்க அவன்ரை நினைவுதான். நிப்பாட்டுங்கோ எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஐயர் அந்தப் பேரை மந்திரத்திலை சேர்த்துச் சொல்லிப்போட்டார். நானும் எள்ளும் தண்ணியும் இறைச்சுப்போட்டன். உயிரோடை இருக்கிற தம்பிக்கு."

"ஐயோ அத்தான்."

"கிணத்தடியிலை தூக்கி வளர்த்த பிள்ளை."

கமலாவதி அழுகிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டே அவள் சொன்னாள்: "மார்கழி தாண்டாது எண்டு டொக்டர் சொன்னதை நான் நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு அவருக்கு முன்னாலை சிரிக்கிறன். எனக்கு ஏலாமல் கிடக்கு. ஈரல் முழுக்கப் பரவிட்டுது எண்டு தெரிஞ்சால் அவர் மார்கழி வரைக்கும் கூட இரார்."

"அதுதானே நான் ஆவணியிலை வைப்பம் எண்டு கத்தினது? அவன் போனால் ஒரு வருசத்துக்கு வீட்டிலை நல்ல காரியம் செய்ய ஏலாது. தெல்லிப்பழைக்காரர் பொறுப்பினமோ? பாலேஸ் இப்பிடியே இருந்திடுவாள். அவனுக்குச் சொல்லவும் ஏலாது. சொல்லாமல் சம்மதிக்க வைக்கவும் ஏலாது. அவன் என்னைக் கல்நெஞ்சன் எண்டு நினைக்கிறான்."

"பாலேசுக்குத் தெரிஞ்சால் அதோடை எல்லாம் முடிஞ்சுது. சின்னண்ணையைச் சாகக் குடுத்துக்கொண்டு தாலி கட்டமாட்டன் எண்டு நிப்பாள்."

"ஓம். அவளுக்குத் தெரியவே கூடாது."

சோமசேகரம் சத்தம் குறைக்கிற குமிழைத் திருகினான். தகரம் அடங்கியது.

அவனுக்கு முதலில் வந்தது பயம்தான். வெட்கமில்லாத பயம். ஓடிப்போய் அண்ணனின் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பிறகு கோபம் வந்தது. என்னுடைய சாவை எனக்குத் தெரியாமல் குசினிக்குள் வைத்துப் பங்கு போடுகிறார்களே! பிறகு அதுவும் போய், அண்ணன் கீரிமலையில் எள்ளும் தண்ணியுமாக நின்ற கோலம் கண்ணுக்குள் வந்தது. அந்த மனுசனைப் பார்த்துத்தான் இரண்டு கிழமைக்கு முன் "உங்களுக்கு இரக்கமில்லை" என்று கத்தியிருந்தான்.

முற்றத்தில் முருங்கைப்பூ உதிர்ந்து கிடந்தது. யாழ்ப்பாணம் தாண்டித் தண்டவாளத்தில் போகிற மத்தியானக் கோச்சி கூவிக்கொண்டு போயிற்று. மார்கழி வரைக்கும் எத்தனை போயா என்று மனம் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது. எண்ண விடாமல் அதை நிற்பாட்டினான்.

கூடப்பிறந்த மூன்று பேருக்குள்ளும் இனித் தெரியாதவள் பாலேஸ்வரி ஒருத்திதான்.

படையல் முடிந்து, காகத்துக்குச் சோறு வைத்து, தகப்பனின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்தார்கள். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நமசிவாயத்தின் தலை இன்னும் ஈரமாக இருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. கேட்டால் கேணித் தண்ணி என்று சொல்வார். யாரும் கேட்கவில்லை.

காத்தோட்டிக்காய் கசந்தது. சோமசேகரம் அதை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"அண்ணை, ஆவணியிலையே வையுங்கோ."

நமசிவாயத்தின் கை இலையில் நின்றது. பரிமாறிக்கொண்டிருந்த கமலாவதி கறிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தம்பி சொல்லுறாய்?"

"யோசிச்சுப் பார்த்தன். தையிலை மழைத் தண்ணி காயாது, பந்தல் போடக் கரைச்சல். ஆவணியிலை முகூர்த்தமும் நல்லதாய்க் கிடக்கும். தெல்லிப்பழைக்குச் சொல்லி அனுப்புங்கோ."

தண்ணீர் வார்க்க வந்த பாலேஸ்வரி செம்பைக் கீழே வைத்தாள். கெட்டிக்காரி அவள். ஏமாற்றுவது லேசில்லை.

"நான் செத்தாலும் விடமாட்டன் எண்டு கத்தினியள் சின்னண்ணை. இப்ப பந்தலுக்கு மழை வந்திட்டுதோ?"

"மனுசன் கோபத்திலை ஆயிரம் சொல்லுவான்."

"எனக்கு அவசரமில்லை. நீங்கள் சுகமாகி, மணவறைக்குப் பக்கத்திலை எழும்பி நிண்டு பொரி போட்டால்தான் நான் அதிலை இருப்பன். இல்லாட்டில் எனக்குக் கலியாணமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"இப்ப எழும்பி நிக்கிறன், பார்க்கிறியோ?"

சோமசேகரம் இலையிலிருந்து எழுந்து நின்றான். வயிற்றுக்குள் கத்தியால் கீறுகிற மாதிரி நொந்தது. முகத்தை ஒரு இம்மியும் மாற்றவில்லை. வலது கையைப் பொரி அள்ளுவது மாதிரி நீட்டிக் காட்டினான்.

"உப்பிடித்தானே போடவேணும்? போதுமோ?"

பாலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"போதாது. ஐயான்ரை படத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. உங்களுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை எண்டு. இண்டைக்கு அவரின்ரை நாள். இண்டைக்குப் பொய் சொல்லமாட்டியள்."

நமசிவாயம் தலையைக் குனிந்துகொண்டார். கமலாவதி குசினிப் பக்கம் ஓடிவிடுவாள் போல் நின்றாள்.

சோமசேகரம் படத்தைப் பார்த்தான். சந்தனப் பொட்டு வைத்த தகப்பன், மாலைக்குள்ளிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியும் கொஞ்ச நாளில் நேரில் பார்க்கப் போகிறேன், அப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை ஐயா. வயித்துப் புண். மாறிவருகுது."

"சரி" என்றாள் பாலேஸ்வரி. அவள் முகம் சிவந்திருந்தது. "பெரியண்ணை விருப்பம்போல செய்யட்டும்."

பெண்ணைப் பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேர் காத்திருந்தார்கள்! நமசிவாயம் தம்பியின் இலையில் தன்னுடைய அப்பளத்தை எடுத்து வைத்தார். சின்ன வயதில் சண்டை தீர்ந்தால் அப்படித்தான் செய்வார். சோமசேகரம் அதை உடைத்து வாயில் போட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தான். ஊரெல்லாம் உண்ட களைப்பில் உறங்கியது. அண்ணன் கை கழுவப் போனவர் குசினிப் பக்கமே நின்றுவிட்டார். காரியம் வென்றுவிட்டது, இனி இந்தச் சனியன் தகரத்தைக் கழற்றி எறியவேண்டும் என்று நினைத்தபடியே சோமசேகரம் கண்ணை மூடினான். எழும்பப் பலமில்லை. பற்றறி கொழுவியபடியே இருந்தது. அதற்கென்று ஒரு தனிச் சுவிச் வைக்கவும் அவன் மினக்கெட்டிருக்கவில்லை.

"இதுதானோ உங்கட புது மெசின்?"

கண் விழித்தபோது பாலேஸ்வரி தகரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு எதையாவது நோண்டிப் பார்க்க வேண்டும்.

"வை பாலேஸ் அதை. அது இன்னும் முடியேல்லை."

"இந்தக் குமிழ் என்னத்துக்கு?" என்று கேட்டாள். கேட்டபடியே திருகிவிட்டாள்.

"…அவர் பாவம் அத்தான், ஒண்டும் தெரியாமல் ஐயான்ரை படத்துக்கு முன்னாலை…" என்றது தகரம். விம்மல் கேட்டது.

சோமசேகரம் கதிரையிலிருந்து பாய்ந்தான். மேசையில் கிடந்த குறட்டை எடுத்தான். அவனுக்கும் வயருக்கும் நடுவில் அவள் நின்றாள்.

"…அந்தப் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் இறைச்சிட்டு வந்து, அவன்ரை பக்கத்திலை இருந்து நான் சோறு திண்டனே பிள்ளை…"

குறடு வயரைக் கடித்தது. தகரம் வாயை மூடிக்கொண்டது. அறுந்த வயர் முருங்கைப் பக்கமாகத் துவண்டு விழுந்தது. மூன்று கிழமை வேலை அது.

பாலேஸ்வரி தகரத்தை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"ஏன் சின்னண்ணை வெட்டினியள்?"

"சோட் ஆகுது. பற்றறி போயிடும்."

"ஆரின்ரை பேரைச் சொல்லிப் பெரியண்ணை எள்ளும் தண்ணியும் இறைச்சவர்?"

"ஐயான்ரை பேர்தான். வேறை ஆரின்ரை பேரைச் சொல்லுறது?" அவன் மற்றக் கையால் பற்றறியைக் கழற்றினான். "இண்டைக்கு அவரின்ரை நாள். அண்ணைக்குக் கவலை."

பாலேஸ்வரி தலையாட்டினாள். குறடு பிடித்திருந்த அவனுடைய கையைப் பார்த்தாள். அது இன்னும் குறட்டை விடவில்லை. முகத்தைப் பார்த்தாள். கொழும்பிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தை அவள் இப்படி நின்று பார்த்ததில்லை.

முற்றத்துக்கு அப்பாலிருந்து கமலாவதி அழுவது லேசாகக் கேட்டது. வயர் இல்லாமலே கேட்டது.

"ஐயா செத்துப் பதினாலு வருசம்" என்றாள் பாலேஸ்வரி. "அவரின்ரை முகத்தைக் கூட மச்சாள் கண்டதில்லை. மச்சாள் ஏன் சின்னண்ணை இப்பிடி அழுகிறா?"

அவள் விறாந்தைப் படியில் இறங்கிக் குசினியை நோக்கி நடந்தாள்.